கேமராவில் தெரிந்த கை

"இன்னைக்கே அந்தம்மாவை நிறுத்திடுங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து குழந்தையை அனுப்ப மாட்டேன்."

பூஜா தன் செல்போனை மேஜைமேல் வைத்தாள். ஆழ்வார்பேட்டையில் அந்தக் குழந்தைகள் காப்பகத்தை நடத்தும் விசாலாக்ஷி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

திரையில் ஓடிய காப்பகக் கேமராவின் அன்றைய பதிவில் பூஜாவின் இரண்டு வயது மகன் ராம்குமாரின் முதுகு தெரிந்தது. எதிரே ஆயா ஜமீலுன்னிசா. அவன் டிபன் பாக்ஸ் இட்லியில் ஒரு துண்டு அவர் வாய்க்குப் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

"எண்ணிட்டேன் மேடம். ஆறு வாய்."

"பையன் சாப்பிடறதில்லையா என்ன?"

"அதை விடுங்க. தி.நகர்ல எங்க ஜவுளிக்கடையில பதினாறு கேமரா. புடவையை மடியில ஒளிக்கிற கையைப் பார்த்த உடனே பிடிச்சிடுவேன். இங்க பாருங்க, மென்னுக்கிட்டே கை மடிக்குப் போகுது. வீட்டுக்கு வேற பார்சல்."

விசாலாக்ஷி ஜமீலுன்னிசாவைக் கூப்பிட்டார். ஈரக்கையைத் துடைத்தபடி வந்து கதவருகே நின்றார் அவர். அவர் சம்பளத்தில்தான் வீட்டில் மூன்று பேர் சாப்பிடுகிறார்கள்.

"ராம்குமார் சாப்பாட்டை நீ எடுத்துச் சாப்பிடறியாமே?"

ஜமீலுன்னிசா செல்போனைப் பார்த்தார். பூஜாவைப் பார்த்தார். பிறகு மடியில் செருகியிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் விரித்தார். நசுங்கிய இட்லித் துண்டுகள் ஆறு.

"நோன்பு வச்சிக்கினு கீறேம்மா. பதினோரு நாளா பகல்ல பச்சத் தண்ணி கூடப் பல்லுல படல."

"அப்ப கேமராவுல மெல்றீங்களே?"

"சும்மா மெல்ற மாதிரி காட்டுவேன். இத காக்காக்குப் போட்ருவேன். கொயந்த ஊட்டும்போது வேணாம்னு இன்னான்னு சொல்றது?"

"அவன் உங்களுக்கு ஊட்டறானா?"

"எனக்கு ஒரு வாய் குடுத்தாதான் அவன் ஒரு வாய் வாங்குவான். வந்த புதுசுல போன்ல படம் ஓடினாதான் வாயத் தொறப்பான். ஆள் மூஞ்சியவே பாக்க மாட்டான். உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு மாசம் வெளையாடிதான் வழிக்குக் கொண்டாந்தேன். இப்ப பக்கத்துல குந்திக்கினு கீற பாப்பா ஜுவேரியாவுக்கும் 'இந்தா'ன்னு ஊட்றான்."

பூஜா செல்போனில் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினாள்.

"நோன்பு மொத நாளு நான் வாயத் தொறக்கல. ஒரே அழுக, அன்னிக்கு ஒண்ணுமே திங்கல. அதுலேர்ந்துதான் இந்த நடிப்பு. மத்த நாள்ல நெசமாவே தின்னுருக்கேன். அது தப்புன்னா தப்புதாம்மா. நின்னுக்கிறேன்."

"நீ போ, குழந்தைகள் தனியா இருக்கு," என்றார் விசாலாக்ஷி. பிறகு பூஜாவிடம், "ஆறு மாசம் முன்னாடி, நாலு வாய் உள்ள போக ஒரு மணி நேரம் ஆறதுன்னு நீங்கதானே சொன்னேள்?"

பூஜா செல்போனை எடுத்துப் பைக்குள் போட்டாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"வீட்டுலயும் சாப்பிடும்போது என் முகத்துக்கு நேரா கையை நீட்டிட்டு வருவான் மேடம். அடிக்க வரான்னு நினைச்சு, தினமும் தட்டி விட்டுட்டு இருக்கேன்."