மேட்டில் இரண்டு சீட்

"எனக்கு ஆத்தோரம் சீட் வேணாம், ஃபர்சானா. தூரத்துல ஒரு மேடு இருக்குன்னியே, அங்க ரெண்டு சீட் போடு."

சந்திரமதி இப்படிச் சொன்னதும் மற்றவர்கள் தே தாரிக் தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டம். மூன்று மேசைகளைப் பிடித்துக்கொண்டு பதினான்கு பேர். எல்லாரும் வாணவேடிக்கைப் பைத்தியங்கள். தைப்பேய், சிட்னி என்று ஏற்கெனவே போய்ப் பார்த்தவர்கள். இந்த முறை ஜப்பான். ஆற்றங்கரைத் திருவிழா. அங்கே ஒரு வாணம் வெடித்தால் அந்த அதிர்வு நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து இடிக்குமாம். இரண்டு வருடம் டிக்கெட் குலுக்கலில் தோற்று, இந்த வருடம்தான் முன்வரிசை விழுந்திருந்தது.

"ஏன்கா? முன்வரிசைக்கு எவ்வளவு தவம் கிடந்தோம்?" என்றாள் ஃபர்சானா. பயண ஏற்பாடெல்லாம் அவள்தான்.

"சத்தம் ஒத்துக்கல லா. வயசாகுதில்ல?"

"சரி, ஒரு சீட் மாத்திடலாம். ரெண்டு எதுக்கு?"

"மொழி தெரியாத ஊரு. துணைக்கு ஒருத்தர் வேணாமா? ஃபஹத் தம்பி வரட்டுமே."

ஃபர்சானாவுக்குச் சுருக்கென்றது. ஃபஹத் அவள் கணவன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஃபஹத், "அதுக்கென்னக்கா, நான் வர்றேன்" என்றான்.

கூட்டத்தில் இளையவனான ரியாஸ் ஃபர்சானாவின் காதருகே குனிந்தான். "லாத்தா, இது டூ மச். சத்தம் ஒத்துக்கலன்னா எதுக்கு வாணவேடிக்கைக்கு வரணும்? வீட்டுல டிவி பார்க்கலாமே."

அதைத்தான் ஃபர்சானாவும் நினைத்தாள். "ரெண்டு நாள்ல சொல்றேன்கா" என்று கூட்டத்தை முடித்தாள்.

வீடு திரும்பும் ரயிலில் ஃபஹத்திடம் பொரிந்து தள்ளினாள்.

"யார் கேட்டாலும் தலையாட்டிடறதா? பக்கத்துல நீங்க இல்லாம எனக்கு என்ன வாணவேடிக்கை?"

"பாவம், வயசானவங்க."

"வயசாம்! போன வருஷம் நம்ம எல்லாரையும் தள்ளிக்கிட்டு முன்னால போய் நின்னாங்க."

ஃபஹத் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் ஆபீஸில் சாப்பிட்டபடி ஃபர்சானா போனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சந்திரமதி ஒரு வீடியோ போட்டிருந்தாள். மெரினா பே, சனிக்கிழமை நடந்த தேசிய தின ஒத்திகை. தண்ணீரை ஒட்டிய கம்பியருகே அவளே நிற்கிறாள். தலைக்கு மேலே படபடவென்று வாணங்கள். காதைப் பொத்தவில்லை. கைகொட்டிச் சிரிக்கிறாள்.

ஃபர்சானா அதை மூன்று தடவை பார்த்தாள். சனிக்கிழமை இல்லாத வயது ஞாயிற்றுக்கிழமை எப்படி வந்தது? அப்படியென்றால் மேட்டில் எதற்கு இடம்? அதுவும் ஃபஹத்தோடு?

கோபத்தைவிட, என்னதான் விஷயம் என்ற குடைச்சல்தான் அதிகமாக இருந்தது. வேலை முடிந்ததும் நேராகத் தேக்காவுக்குப் போய் மாடி ஏறினாள். மேலே வரிசையாகத் தையல் கடைகள். அதில் ஒன்று சந்திரமதியுடையது.

சந்திரமதி ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஃபர்சானா போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சத்தம் ஒத்துக்கலன்னது பொய்தானேக்கா?"

சந்திரமதி வீடியோவைப் பார்த்தாள். "ஐயோ, இதை நீ பார்ப்பேன்னு யோசிக்காம போட்டுட்டேன் பாரு."

"எதுக்குப் பொய்?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்மா."

"சொல்லலன்னா லிஸ்ட்லேர்ந்து உங்க பேரை எடுத்துடுவேன்கா. ரியாஸும் அதைத்தான் சொல்றான்."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னாள். இவ்வளவு வருடப் பழக்கம். சண்டைக்கு வருவாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று எதிர்பார்த்தாள்.

சந்திரமதி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"எடுத்துக்கோ. நான் வரல. ஆனா மேட்டுல ஒரு சீட் மட்டும் போட்டுடு."

"நீங்களே வரலன்னா அது யாருக்கு?"

சந்திரமதி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஃபர்சானாவை உட்காரச் சொன்னாள்.

"போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காது டாக்டர் ரூம் வாசல்ல ஃபஹத் தம்பி தனியா உட்கார்ந்திருந்தாரு. ஒரு காது பாதிதான் கேக்குதாம். இனி பெரிய சத்தம் பக்கத்துல கேட்டா மிச்சமும் போயிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

"என்கிட்ட சொல்லவே இல்லயேக்கா."

"சொன்னா நீ ஜப்பானே வேணாம்னு சொல்லிடுவியாம். ரெண்டு வருஷமா ஃபர்சானா இதே பேச்சா இருக்கா, ஒரு நாள்தானே, பஞ்சு வச்சுக்கிட்டு அவ பக்கத்துலயே உட்கார்ந்துடறேன்னாரு. நான் விடல. உன்கிட்ட சொல்லாம இருக்கணும்னா நான் சொல்ற இடத்துல உட்காரணும்னேன்."

ஃபர்சானா, "முன்வரிசையை விட்டுட்டு நீங்களும் ஏன்கா?" என்றாள்.

"அவர் எனக்குத் துணைன்னுதானே எல்லாரும் நினைச்சீங்க?" என்றாள் சந்திரமதி. "அவ்வளவு தூரத்துல அவரை எப்படிம்மா தனியா உட்கார வைக்கிறது?"