நீடாமங்கலத்துத் தூண்கள்

தூணில் சாய்ந்தபடி போன் பேசிவிட்டு நகர்ந்த ஸ்ரீவித்யா, தன் வெள்ளைத் துப்பட்டாவைப் பார்த்துத் திடுக்கிட்டாள். வியர்வையில் நனைந்த இடமெல்லாம் காப்பிக்கொட்டை நிறத்தில் கறை.

ஈரத்துணியை வாங்கித் தூணைத் தேய்த்தாள். சாயம் கரைந்து, உள்ளேயிருந்து வெளேரென்று புது மரம் பல்லை இளித்தது.

"பழைய தேக்குக்குச் சாயம் போகுமா மேஸ்திரி?"

துரைக்கண்ணு தலையைச் சொறிந்தார். "மரம் சைபுல்லா பாயோட பழைய மரக் கடையிலேருந்து வந்தது மேடம். நட்டு வெச்சது மட்டும்தான் நாங்க."

மற்ற மூன்றையும் தேய்த்துப் பார்த்தாள். எல்லாம் புது மரம்.

கும்பகோணத்தில் பாழடைந்து கிடந்த ஒரு நெல் மண்டி ஆபீஸை, சென்னை சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றுக்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்த இன்ஜினியர் அவள். ஓடு பழசு, செங்கல் பழசு, கதவு ஜன்னல் எல்லாம் பழசு. வாசல் தூண் நாலும் நீடாமங்கலத்தில் இடிக்கப்போகிற ஒரு வீட்டிலிருந்து, போட்டோ பார்த்து சைபுல்லாவிடம் அவள் பேசி வைத்தவை. நமக்காகச் சூளையில் புதுசாக ஒரு செங்கல் வேகக் கூடாது, காட்டில் ஒரு மரம் விழக் கூடாது, கார்பன் குறைய வேண்டும் என்று மைக் கிடைத்த இடத்திலெல்லாம் பேசுவாள். நாளைக் காலையில் பசுமைக் கட்டடச் சான்றிதழ் தருகிறவர்கள் பார்வையிட வருகிறார்கள். "ஒரு குச்சிகூடப் புதுசு கிடையாது" என்று கம்பெனி மேனேஜர் ரகுராமன் அவர்களிடம் பீற்றிக்கொண்டு வேறு வந்துவிட்டார்.

இப்போது வாசலிலேயே நாலு பொய்த் தூண். மானம் போய்விடும்.

சைபுல்லாவுக்குப் போன் போட்டாள்.

"பாய், வாசல் தூண் நாலும் எங்கேருந்து வந்துச்சு?"

"நீடாமங்கலத்து வீட்டுதுதான் மேடம்." பதிலுக்கு முன்னால் ஓர் இருமல் வந்தது.

"அந்த வீட்டை இடிச்சாச்சா?"

"அது வந்து... இடிச்ச மாதிரிதான்."

இடிச்ச மாதிரியாம்! ஸ்ரீவித்யாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நிஜத் தூண்களை எவனோ பங்களா கட்டுகிறவனுக்குத் தள்ளிவிட்டு, சாயம் பூசிய புது மரத்தை இவள் தலையில் கட்டியிருக்கிறார். போன மாதம் அவர் எதையோ சொல்ல இழுத்தபோதே, "அந்த வீட்டுக் கதையெல்லாம் எனக்கு எதுக்கு பாய்? தூண் வரணும், அவ்வளவுதான்" என்று கறாராகச் சொல்லியிருந்தாள். அப்படிச் சொல்லியும் இந்த வேலை!

"இனிமே அந்த ஆள் கடையிலேருந்து ஓர் ஆணிகூட வாங்க மாட்டேன் மேஸ்திரி. எனக்குத் தெரிஞ்ச இன்ஜினியர் அத்தனை பேர்கிட்டயும் சொல்லி, கடையையே மூட வெக்கிறேன்."

"பாய் அப்படிப்பட்டவர் இல்லையே மேடம்..."

"தூணைப் பார்த்தீங்கல்ல? அப்புறம் என்ன?"

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். இடிந்த வீட்டைப் போட்டோ எடுத்து, தூண் எங்கே போனது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அவர் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். காரை எடுத்தாள்.

வலங்கைமான் வரைக்கும் நெல் மூட்டை லாரி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போய் உயிரை வாங்கியது. நீடாமங்கலம் வந்தால் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். போன ரயில் போதாதென்று எதிர்ப்பக்க ரயிலும் போய் முடித்த பிறகுதான் கேட் திறந்தது.

தெருவில் விசாரித்துக்கொண்டு போய் இறங்கியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

வீடு முழுசாக இருந்தது. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். திறந்த கதவு வழியாக முற்றம் தெரிந்தது. அதைச் சுற்றி அவளுடைய நாலு தூண்களும் நின்றுகொண்டிருந்தன, உடம்பெல்லாம் கலர் பல்பு சுற்றிக்கொண்டு.

அப்படியானால் யாருக்கும் விற்கவில்லையா?

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். "யாரும்மா வேணும்?"

"கும்பகோணத்துலேருந்து வர்றேன். இந்தத் தூணெல்லாம் சைபுல்லா பாய்..."

முடிக்க விடவில்லை. "யா அல்லா! வாங்க, வாங்க. ஹுமைரா, ஓடி வா, யாரு வந்திருக்காங்க பாரு!"

அந்த அம்மாள் ஹபீபுன்னிசா, ஸ்ரீவித்யாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். மருதாணிக் கையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"இவளுக்குத்தாம்மா வெள்ளிக்கிழமை நிக்காஹ். நாங்க வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்காரங்க மெட்ராஸ்ல. இடிக்கிறதுக்கு வித்துட்டோம், காலி பண்ணுங்கன்னு திடீர்னு போன்ல சொல்லிட்டாங்க. பத்திரிகையில இந்த அட்ரஸைப் போட்டு ஊரெல்லாம் கொடுத்தாச்சு. இவளைப் பெத்த அத்தா சவூதியில, லீவு கிடைச்சு வியாழக்கிழமைதான் வந்து இறங்குறாரு. பொண்ணை வெச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்? மரத்தைக் கழட்ட வந்த பாய் முன்னாடி அழுதுட்டேன்."

ஸ்ரீவித்யா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "அதுக்கு பாய் என்ன சொன்னாரு?"

ஹபீபுன்னிசா அவள் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"‘அழாதீங்கம்மா, இன்ஜினியரம்மாவே சொல்லிட்டாங்க: எனக்குத் தூண் பெரிசில்லை பாய், அந்தப் பொண்ணு கல்யாணம் முடியட்டும்’னு சொன்னாரு. அந்த இன்ஜினியரம்மா நீங்கதானே?"