பழைய மெஷினே போதும்

"சத்தம் போடாம வாங்க தம்பி. பையன் ரூம் இது. வெளியாள் அவன் பொருளைத் தொட்டா அவனுக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா கதவைத் திறந்தார்.

எரிந்துபோன ஏசியைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து உள்ளே போனார். கட்டிலில் துவைத்து மடித்த சட்டையும் துண்டும் தயாராக இருந்தன. பையன் ஆபீஸ் விட்டு வருவதற்குள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று ஏணியை விரித்தார்.

ஏசியின் மூடியைக் கழற்றியதுமே கருகிய வாடை மூக்கில் ஏறியது. போன வாரம் இடி விழுந்தபோது மின்சாரம் எகிறி, உள்ளே இருந்த போர்டையும் வெளியே இருந்த கம்ப்ரஸரையும் ஒருசேரத் தின்று தீர்த்திருந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தும், ஏணி உச்சியில் அவருக்கு ஏனோ வியர்க்கவே இல்லை.

இது இனிமேல் பிழைக்காது, கம்பெனி புது மெஷின் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டு போய்விடும் என்று நல்ல சேதி சொல்கிற தோரணையில் சொன்னார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"எடுத்துட்டுப் போகாதீங்க. இதையே ரிப்பேர் பண்ணிக் குடுங்க. எனக்குப் பழைய மெஷினே போதும்."

நன்றாக ஓடுகிற ஏசியைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டிவிட்டுப் புதுசு கேட்கிற ஆசாமிகளை சர்வேயர் நிறையப் பார்த்திருக்கிறார். கொடுக்கிற புதுசை வேண்டாம் என்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார். காரணம் கேட்டார். பையன் தினமும் சாயங்காலம் வந்ததும் இதைத்தான் போடுவானாம். இது எரிந்துபோன நாளிலிருந்து அவன் வரவே இல்லையாம்.

ஏசி இல்லாததற்கா ஒருவன் வீட்டுக்கு வராமல் இருப்பான்? கேட்க வாயெடுத்தவரை, அறை வாசலில் நின்ற அந்த அம்மாவின் கணவர் கண்ணைக் காட்டி பால்கனிக்கு அழைத்துப் போனார்.

பையன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது என்றார் அவர். வேலை முடிந்து பைக்கில் வரும்போது லாரி மோதிவிட்டது.

சர்வேயர் அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கணவர் குரலைத் தாழ்த்தி மீதியையும் சொன்னார். பையன் போனபிறகு அவள் சோறு தண்ணீரை விட்டுவிட்டு, அந்த அறையில் இருட்டிலேயே உட்கார்ந்து கிடந்தாள். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்தபோது ஏசி தானாக ஓடத் தொடங்கியது. பையன் வந்துவிட்டான் என்று எழுந்தாள், அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாளே இவர் கடைக்குப் போய், அவளுக்குத் தெரியாமல் இன்னொரு ரிமோட் வாங்கி வந்துவிட்டார். பையன் வீடு திரும்புகிற நேரத்துக்கு, ஹாலில் உட்கார்ந்தபடியே திறந்த கதவைப் பார்த்து ஒரு அழுத்து அழுத்துவார்.

"நான்தான் தம்பி போடறேன். பொய்தான். ஆனா அந்தப் பொய்யை நம்பித்தான் அவ சாப்பிடறா."

சட்டைப் பையிலிருந்து அந்த ரிமோட்டை எடுத்து நீட்டினார். அழுத்தும்போது திரை வெளிச்சம் அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். சர்வேயர் வாங்கிப் பார்த்தார். பொம்மை மாதிரி லேசாக இருந்தது. வரப்போகிற புது ஏசிக்கும் இதே ரிமோட் வேலை செய்ய வேண்டும், அதே கம்பெனி மாடலாகப் பார்த்து எழுதுங்கள் என்று கெஞ்சினார் அவர்.

உண்மையைச் சொன்னால், சர்வேயருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பேயாவது பிசாசாவது, எல்லாம் ஒரு அப்பாவின் கட்டைவிரல் செய்கிற வேலை. அதே மாடலைக் குறித்துக்கொண்டு கிளம்பினார்.

லிஃப்ட் வரைக்கும் அம்மா கூடவே வந்தார். வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ரிமோட் வாங்கின கதையைச் சொன்னாரா தம்பி?"

சர்வேயர் லிஃப்ட் பட்டனை அழுத்தினார்.

"எனக்குத் தெரியும். மெஷின் எரியறதுக்கு ரொம்ப நாள் முன்னாடி, அவர் சட்டையைத் துவைக்க எடுத்தப்ப பையில கிடைச்சுது. இத்தனை நாளா என்னை ஏமாத்தியிருக்காரேன்னு ஆத்திரம் வந்துச்சு. பேட்டரி ரெண்டையும் உருவித் தூக்கிப் போட்டுட்டேன். வெறும் ரிமோட்டைத் திரும்பப் பையிலயே வச்சுட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது."

லிஃப்ட் வந்து திறந்து நின்றது. சர்வேயர் ஏறவில்லை.

"அப்ப... பேட்டரியை எடுத்த அன்னிக்கு சாயங்காலம் ஏசி ஓடலையா அம்மா?"

அம்மா அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஓடுச்சு தம்பி."