நாலு ஷட்டரும் ஒரு மாமனாரும்

"இன்னாங்க, நாஷ்டா ஆறிப்போவுது. எழுந்து வாங்க!"

"இரு ரம்யா, இன்னும் ஒரு ஷட்டரை மூடிட்டு வந்துடறேன்."

குணா மூடிக்கொண்டிருந்தது லேப்டாப்பில் இருக்கும் ஷட்டரை. இவ்வளவு மழைக்கு ஏரியில் எந்த மதகின் ஷட்டரைத் திறந்தால் எந்த ஊருக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வதுதான் அவன் வேலை. அவன் சொல்கிறபடிதான் அதிகாரிகள் திறப்பதும் மூடுவதும்.

வெளியே அடைமழை. ஏரியைத் திறந்தால் பொன்னேரிப் பக்கம் இருக்கும் மாமனார் குப்புராஜ் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். புகுந்தால் மனிதர் மூட்டை கட்டிக்கொண்டு நேரே மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவார். போன மழைக்கு வந்தவர் பொங்கல் வரை நகரவில்லை. கட்டில் அவருக்கு, ரிமோட் அவருக்கு, குறட்டை மட்டும் எல்லாருக்கும் பொது. ஐயோ சாமி, இன்னொரு தடவை தாங்காது!

இரண்டு ஷட்டரை மூடினான். திரையில், மாமனார் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்றாவதையும் மூடினான். கணுக்கால். "சனியன் தொலையட்டும்" என்று நாலாவதையும் மூடினான். ஊரே காய்ந்து கிடந்தது.

"எங்கப்பா மேல இவ்ளோ பாசமா?" எட்டிப் பார்த்த ரம்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பின்ன? எனக்கும் அவர் அப்பா மாதிரிதானே!" என்று கூசாமல் சொல்லிவிட்டு, அறிக்கையை அதிகாரிகளுக்கு அனுப்பினான். அதன் பிறகுதான் இட்லி நிம்மதியாக உள்ளே இறங்கியது.

சாயங்காலம் மாமனாரே போன் செய்தார்.

"மாப்ள, நீங்க தெய்வம்! நாலு ஷட்டரையும் மூடிட்டாங்க. இங்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

"அடடா, அப்போ இந்த வருஷம் வரமாட்டீங்களா மாமா?" குரலில் சோகத்தை வரவழைப்பதற்குள் குணாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"நான் இன்னாத்துக்கு வரணும்? ரூமைப் பெருக்கி வெச்சிகினு உங்களுக்குத்தான் காத்துகினு கீறேன். ரம்யாவ இட்டுகினு சட்டுனு கெளம்புங்க. அதே ஏரிக்குள்ள பிளாட் போட்டு வித்தப்ப மொத ஆளாப் போய் ஊடு கட்டினது நீங்கதானே மாப்ள?"