இருநூறாவது காப்பி

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், துனிஸ் நகரத்து வீட்டுக் காப்பி மெஷினை நான்தான் சுண்ணாம்பு நீக்கிக் கழுவி, அதன் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினேன். அதிலிருந்து சரியாக நூறாம் நாள் அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. இருநூறு காப்பிக்கு ஒருமுறை சுண்ணாம்பு நீக்கச் சொல்லும் விளக்கு.

"பாபா, டாக்டர் ஒண்ணுதான் குடிக்கச் சொன்னாரு. திருட்டுத்தனமா ரெண்டா குடிக்கிறீங்க?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"சத்தியமா ஒண்ணுதான் மகளே."

நானோ காப்பியே தொடுவதில்லை. மெஷினில் வினிகர் ஊற்றி ஓடவிட்டேன். வெள்ளைத் துகள்களோடு ஆரஞ்சுப்பூ வாசனையும் வந்தது. கோப்பையில் சில சொட்டு மட்டும் விடவேண்டிய ஆரஞ்சுப்பூ நீரை அம்மா மட்டும்தான் மெஷின் தொட்டியில் ஊற்றுவாள். பாபாவுக்கு அந்த வாசனையே ஆகாது.

பாபா குனிந்து முகர்ந்தார். பிறகு அம்மாவின் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்:

"தொட்டியில ஊத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது, வஸீலா!"

நூறு நாளில் அன்றுதான் அவர் சிரித்தார்.