வெள்ளை பிளேனின் முள்

“வெள்ளை பிளேன் வேணாம்மா. நாளைக்குப் போகலாம்,” மகள்கிட்ட சொன்னாரு ஜெயந்திரன் அண்ணன்.

விஷ்ணுப்ரியா முகம் தொங்கிப் போச்சு. முதல் தடவையா தனியா ஈப்போ வரைக்கும் ஓட்டப் போறவ. அவ எப்பவும் ஓட்டுற நீல பிளேனுக்கு டயர் பஞ்சர். சுபாங்ல எங்க பிளையிங் ஸ்கூலுக்கு இருக்கிறதே ரெண்டு பிளேன்தான். வெள்ளை, என் மகன் வாசு ஓட்டுறது. அவன் காய்ச்சல்னு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுல படுத்திருக்கான்.

“ஏண்ணே, வெள்ளைக்கு என்ன கேடு?”

“வானம் சரியில்ல லா.”

வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. இந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. ஒரே டூல்பாக்ஸ்ல கைவிட்டு வருஷக்கணக்கா வேலை பார்க்கிறோம், எனக்குத் தெரியாதா? அவரு எஞ்சினியர், நான் டெக்னீஷியன். அவரு மாட்டினதை நான் ஒரு நாளும் சோதிச்சுப் பார்த்ததில்ல. கூடப் பிறந்த அண்ணனா இருந்தாகூட அவ்வளவு நம்பியிருப்பேனான்னு தெரியல.

இன்னைக்குப் பார்க்கணும்னு தோணிச்சு. வெள்ளை பிளேன்ல ஏறி உட்கார்ந்தேன்.

எஞ்சின் ஓடாதப்ப அதுக்குள்ள இருக்கிறதும் வெளியே இருக்கிற அதே காத்துதான். அதனால எஞ்சின் பிரஷர் கேஜ், ஊர்ல அன்னைக்கு என்ன காத்தழுத்தமோ அதைத்தான் காட்டணும். டவர்ல கேட்டேன். முப்பது இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி.

முள் இருபத்தெட்டுல நின்னுச்சு. கண்ணாடியை விரலால தட்டினேன். அசையல.

கேஜ் குறைச்சுக் காட்டினா, அதை நம்பி ஓட்டுற பிள்ளை எஞ்சினை இன்னும் முறுக்கும். அது பாதி வழியில கையை விரிச்சா, கீழே செம்பனைக் காடுதான்.

புது கேஜ் எப்படி இப்படிக் காட்டும்? ஆயுத பூசைக்கு மறுநாளே புதுசை மாட்டிட்டேன்னு அண்ணன் சொன்னாரே.

பழசுதான் இப்படி ரெண்டு இஞ்சு குறைச்சுக் காட்டுச்சு. கழட்டி மேசையில போட்டவளே நான்தான். பூசையில ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வச்சப்ப அதுக்கும் ஒண்ணு வச்சேன். ரோசாக் ஆகி கெட்டுப்போனதுக்கும் பொட்டா லான்னு அண்ணன் கேலி பண்ணினாரு. இத்தனை நாள் உழைச்சுதே, பாவம்னு சொன்னேன்.

போன் லைட்டை அடிச்சுப் பார்த்தேன். முகப்பை நல்லாத் துடைச்சிருந்தாரு. ஒரு ஸ்க்ரூ இடுக்குல மட்டும் குங்குமம் அப்படியே இருந்துச்சு.

இறங்கி அவருகிட்ட போனேன்.

“புதுசு எங்கண்ணே?”

அவரு கண்ணு நீல பிளேன் பக்கம் போச்சு.

“வந்தது ஒண்ணுதான் லோகா. ப்ரியா பிளேன்ல இருந்த கேஜும் ஆட ஆரம்பிச்சிருச்சு. இன்னொண்ணு சீக்கிரம் வந்துடும்னாங்க, அதுவரைக்கும் சமாளிச்சிடலாம்னு…”

விஷ்ணுப்ரியா ஒண்ணும் புரியாம அப்பாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அந்தப் புள்ள மேல எனக்குக் கோபமில்ல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

இவரை என்ன பண்றது? பூசை முடிஞ்சு ரெண்டு வாரம். தினமும் ஒண்ணா உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டோம். என் தட்டுல இருந்து சம்பல் எடுத்துக்கிட்டாரு.

அந்த ரெண்டு வாரமும் வாசு இந்த வெள்ளை பிளேன்லதான் பறந்தான். “போய்ட்டு வரேன் மாமா”ன்னு ஏறுவான். நான் இந்தக் கொட்டகை வாசல்ல நின்னு பார்ப்பேன்.

இவரே போய்க் கதவைச் சாத்துவாரு. சாத்துறதுக்கு முன்னாடி அவனோட பெல்ட்டைப் பிடிச்சு இழுத்துப் பார்ப்பாரு. விட்டுட்டு, திரும்பவும் இழுத்துப் பார்ப்பாரு. பெத்த மகளுக்குக்கூட அப்படிச் செஞ்சதில்ல.

எம்புட்டுப் பாசம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.