கடைசியாக வருபவர்

“பந்தயத்துல உன் வீட்டுக்காரரும் வர்றாராம்மா?” என்றாள் வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து ஊர்க்காரி.

“வருவாரு, எல்லாருக்கும் கடைசியா. ஆனா நிக்க முடியாது” என்றாள் மொர்வென். பிரிட்டனியின் நாலு நாள் சைக்கிள் பந்தயம் தொடங்கிய அன்று பிறந்த மகள் அவள் கையில் இருந்தாள். அப்பா இன்னும் நேரில் பார்க்கவில்லை.

சைக்கிள் கூட்டம் சீறிக்கொண்டு போய்விட்டது. வெகுநேரம் கழித்துத் தனியாக வந்த ஒருவன் அவள் வாசலில் இறங்கினான்.

“பாரு, பிள்ளைக்காக நின்னுட்டாரு” என்றாள் பக்கத்து ஊர்க்காரி.

அவன் குழந்தைப் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, நன்றாக இருந்த சைக்கிள் செயினைக் கழற்றினான்.

கடைசி வீரனை முந்தக் கூடாது என்பதால், களைத்தவர்களை ஏற்றிச் செல்லும் வேனும் பின்னால் நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்து ஓடிவந்தான் மொர்வென்னின் கணவன்.

“நேத்தெல்லாம் போட்டோவையே காட்டிட்டிருந்தீங்களே. ஆற அமரக் கொஞ்சுங்கண்ணே” என்றான் வீரன், நிமிராமலே. “இந்தச் செயின் லேசுல மாட்டாது.”